முனியாண்டி படையலுக்கு வந்த குட்டிகள்

நான் படம் பிடித்த முதல் கரடிக்குட்டியின் மூக்கில் குங்குமம் ஒட்டியிருந்தது. வாழையிலைக்கு முன்னால் பின்னங்கால்களை விரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கைகள் இரண்டாலும் தேன் போத்தலைப் பிடித்து, தன் முகத்தைவிட நீளமாக இருந்த நாக்கை அதற்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். சூலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி. அது கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, இவன் ஏதாவது மிச்சம் வைப்பானா என்று பார்த்துக்கொண்டே நின்றது. போத்தல்காரன் ஒருமுறை தலையைத் தூக்கி நேராக என் லென்ஸைப் பார்த்தான். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளைகளிடம் "கொஞ்சம் இங்க பாருங்க" என்று தொண்டை வறளக் கத்துகிறவள் நான். ஒருத்தராவது இப்படி அழகாகப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் துளிப் பயம் இல்லை. அன்றைக்கு அது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. அதில் சந்தோஷப்பட எதுவுமே இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதை நான் எழுதுவது கரடிகளுக்காக மட்டும் இல்லை, பூசாரி அண்ணனுக்காக. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மலாக்கா டவுனுக்குப் பக்கம் குருபோங்கில், எங்கள் தாமான் குடியிருப்பில் எதிர்வீடு. வாரநாட்களில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முனியாண்டி கோயில் பூசாரி. இரண்டு வேலையையும் ஒரே குரலில்தான் செய்வார். பெட்டிகளை அடுக்கும்போது "தள்ளு, தள்ளு" என்பதும், பூசையில் பிள்ளைகளை விலக்க "தள்ளு, தள்ளு" என்பதும் தெருக்கோடி வரை கேட்கும். நல்ல மனிதர்தான், ஆனால் அடக்கமானவர் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். நான் படம் எடுக்கும் கல்யாணங்களுக்கு வந்தால் எல்லாப் படத்திலும் ஓர் ஓரமாக வந்து நிற்பார். "ஏன்ணே, மாப்பிள்ளை நீங்களா?" என்று கேட்டால், "என் மூஞ்சி இல்லாட்டி உன் ஆல்பத்த யாரு பாப்பா, போட்டோக்காரி?" என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

கோயில் என்று சொன்னேன். கோபுரம் கீபுரம் எதுவும் கிடையாது. ஆசாஹான் பக்கம், லெடாங் மலை கண்ணுக்கு நேரே நிற்கும் ஒரு தோட்டத்தின் கடைசி எல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசை அங்கே முடிந்து காடு தொடங்கும். முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் அண்ணனின் அப்பா காலத்தில் ஊன்றிய சூலம், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். அண்ணன் குடும்பத்தார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அது தோட்டத்துக் காவல் சாமி. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், குடும்பங்கள் குருபோங்குக்கும் மலாக்கா டவுனுக்கும் மஸ்ஜித் தானாவுக்கும் பிரிந்து போயின. முனியாண்டி மட்டும் எல்லையை விட்டு நகரவில்லை. ஞாயிறானால் அந்தச் செம்மண் பாதையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் டவுனில் வளர்ந்தவள், எனக்கு அந்தத் தோட்டத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காட்டோரம் இருவாச்சிப் பறவைகள் வரும் என்று கேள்விப்பட்டு, படம் எடுக்கும் ஆசையில் அண்ணன் காரில் தொற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொங்கல், பழம், தேன், சுருட்டு எல்லாம் இலையில் படைத்து, சூடம் காட்டி, கும்பிட்டு முடித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போய்விட வேண்டும். முனியாண்டி ஐயா சாப்பிடும்போது மனிதக் கண் படக்கூடாது. சின்னப் பிள்ளைகளின் தலையை அம்மாக்கள் கையால் மறைத்துக்கொண்டு நடப்பார்கள். வண்டியில் ஏறிய பிறகும் ஓட்டுகிறவர்கள் பின்கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள். அந்த மேடுபள்ளப் பாதையில் எப்படித்தான் தப்பித்து வந்தார்களோ. முன்பெல்லாம் அடுத்த வாரம் போனால் பொங்கல் காய்ந்து எறும்பு மொய்த்துக் கிடக்குமாம், குரங்குகள் பழத்தோலை இறைத்துப் போட்டிருக்குமாம். திடீரென்று ஒரு சமயத்திலிருந்து இலை கழுவி வைத்ததுபோல் கிடக்க ஆரம்பித்தது. தேன் போத்தல் உள்ளே வரை பளபளவென்று இருக்கும். சுருட்டு மட்டும் அப்படியே இருக்கும். "ஐயா சுருட்ட விட்டுட்டாரு போல, ஒடம்புக்கு நல்லதுதான்" என்று அண்ணன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஐயா படையலை ஏற்றுக்கொள்கிறார் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் பரவி, கூட்டம் பெருகியது. பழக்கமே இல்லாத குடும்பங்கள் தேன் போத்தலோடு வந்து இறங்கின. அண்ணன் புது வேட்டி வாங்கினார், குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

எனக்குச் சந்தேகம் வந்தது அந்த மரத்தைப் பார்த்துத்தான். ஆள் உயரத்துக்கு மேலே பட்டையில் ஆழமான கீறல்கள், ஒவ்வொன்றும் இன்னும் ஈரமாக. பூனை கீறிய கீறல் இல்லை. படம் எடுத்துக் காட்டி, "அண்ணே, இது கரடியா இருக்கும்ணே. படையல அதுதான் சாப்பிடுது" என்று சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்! "ஐயாவக் கரடின்னு சொல்றியா? எறங்கு வண்டிய விட்டு!" என்றார். வண்டி அப்போது ஜாசின் சாலையில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவரே ஓர் உணவுக்கடையில் நிறுத்தி எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். கடைசியில், "நான் திரும்பிப் பாக்க மாட்டேன், அது முடியாது. நீ அடுத்த வாரம் பூசைக்கு வராத. முன்னாடியே போயி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டுல உக்காந்துக்க. பூசைக்கு வராதவ திரும்பிப் பாத்ததா ஆவாதுல்ல?" என்றார். எந்த வக்கீலும் தோற்றுப்போகும் அந்தச் சட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என்மேல் அவ்வளவு கோபப்பட்ட மனிதர், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் மனம் வராமல் கண்டுபிடித்த வழி அது.

அப்படித்தான் அந்தப் படம் கிடைத்தது. கார்களின் சத்தம் ஓய்ந்து சற்று நேரத்துக்கெல்லாம் புதர் அசைந்தது. முதலில் தாய் வந்தது. நம் நாட்டுக் கரடி சின்னதுதான். குட்டை முடி, கறுகறுவென்று உடம்பு, நெஞ்சில் மட்டும் மஞ்சளாய் ஒரு பிறை. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துவிட்டு, பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் நேராக இலைக்குப் போனது. பின்னாலேயே குட்டிகள் உருண்டு வந்தன. பொதுவாக ஒன்றுதான் போடும், இரட்டை அபூர்வம் என்று பிறகு கேள்விப்பட்டேன். போத்தல்காரன் சூலத்தடியில் கொட்டிக்கிடந்த குங்குமத்தில் மூக்கை வைத்துத் தும்மினான். இன்னொன்று பொங்கலுக்குள் கையை விட்டு, சூடு என்று நினைத்ததோ என்னவோ, எடுத்து எடுத்துப் பார்த்தது. அவசரத்தில் பாதிப் படம் வீணானது. அழுதுகொண்டே எடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அண்ணனிடம் காட்டினேன். பெருமை அடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த முகத்தில் ஓடியதைப் பார்த்தேன். எனக்குப் பாவமாகிவிட்டது. பிறகு திரையைப் பெரிதாக்கி, குட்டிகளை மாறி மாறிப் பார்த்து, "அய்யய்யே, பச்சப்புள்ளைங்க லா இது" என்றார், அவ்வளவு மெதுவான குரலை அவரிடம் நான் அதுவரை கேட்டதில்லை. அப்போதே முடிவும் செய்துவிட்டார். அடுத்த பூசைக்கு முன்னால் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, தானே எழுதினார்: படையலைச் சாப்பிட்டது ஐயா இல்லை, இந்தக் கரடிகள், நான் சொன்னது தப்பு, இனி யாரும் சாப்பாடு வைத்துவிட்டுப் போக வேண்டாம். ஊர் முன்னால் தப்பு என்று சொல்ல அவரைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு மனசு வேண்டும் என்பது அவரோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நம் ஆட்களைப் பற்றி நாங்கள் இருவரும் தப்புக்கணக்குப் போட்டுவிட்டோம். படம் மட்டும் பறந்தது, எழுதியது அங்கேயே நின்றுவிட்டது. ஐயாதான் கரடி ரூபத்தில் வந்திருக்கிறார், மூக்கில் குங்குமம் இருக்கிறது பாருங்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு கூட்டம் பாதை கொள்ளவில்லை. தேன் டின் டின்னாக வந்தது. பலாப்பழத்தை முழுசாகத் தூக்கி வந்தவர்கள் உண்டு. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளின் கண்ணைப் பொத்தியவர்களே இப்போது போனை நீட்டிக்கொண்டு மரத்தடியை விட்டு அசைய மறுத்தார்கள். அண்ணன் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். "பூசாரி, ஐயாவப் பாக்க எங்களுக்கும் உரிமை இருக்கு" என்றார் ஒருவர்.

கத்திக்கொண்டிருக்கும்போதே போத்தல்காரன் வெளியே வந்துவிட்டான். பட்டப்பகல், அவ்வளவு சனம், அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. மனிதர்கள் என்றால் தேன் என்று பழகியிருந்தான். நேராக நடந்து ஒரு சின்னப் பெண்ணின் கையிலிருந்த வாழைப்பழத்தை நோக்கிப் போனான். அவளும் சிரித்துக்கொண்டே நீட்டினாள். அந்த நொடியில் புதருக்குள்ளிருந்து தாய் எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தது. கூட்டம் சிதறியது, உரிமை கேட்டவர் வாய்க்காலில் விழுந்தார். அண்ணன் அந்தப் பெண்ணை ஒரே வாரலாக வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார், பழத்தைக் கீழே போட்டுவிட்டு. குட்டி பழத்தை எடுத்துக்கொண்டதும் தாய் அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடியவர்களில் ஒருவர் காரிலிருந்து பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து நின்றதை நானும் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார்.

வனவிலங்கு இலாகாவுக்கு நான்தான் போன் செய்தேன். வந்த மலாய்க்கார அதிகாரி தடங்களையெல்லாம் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சாப்பாடு நின்றால் தானாகக் காட்டுக்குள் போய்விடும். நிற்காவிட்டால் கூண்டு வைத்துத்தான் ஆகவேண்டும். கூண்டில் தாய் மட்டும் மாட்டினால் குட்டிகள் பிழைப்பது கஷ்டம். அதைவிடக் கஷ்டமானது பிறகு நடந்தது. ஒரு சாயங்காலம் அண்ணன் விளக்கு வைக்கப் போனபோது, முன்பின் தெரியாத இரண்டு பேர் பிக்கப்பில் வந்து இறங்கி, மிகவும் மரியாதையாக, கரடி எந்த நேரத்துக்கு வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று விசாரித்தார்களாம். வண்டியின் பின்னால் கண்ணி வைக்கும் சுருள் கம்பி கிடந்ததாம். கரடியின் பித்தப்பைக்கும் பாதத்துக்கும் ஆள் அலைகிறது என்பது அவருக்கும் தெரியும். "அது எப்பவோ ஒரு நாள் வந்துச்சு, அப்புறம் வரல லா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கொடுத்த தேநீரைத் தொடவில்லை. "சனம் நிக்காது போட்டோக்காரி. ஐயா அங்க இருக்குற வரைக்கும் தேன் வந்துக்கிட்டே இருக்கும். தேன் வந்தா அதுங்க வரும். அதுங்க வந்தா இவனுங்க வருவானுங்க" என்றார். எழுந்துகொண்டே, "ஐயாவத்தான் நகத்தணும்" என்றார்.

எல்லைச் சாமியை எல்லையை விட்டு எடுப்பது என்றால் என்ன என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அப்பா ஊன்றிய சூலம். அந்த மண்ணில்தான் அவர் குடும்பத்துக்கு மொட்டை அடித்தார்கள், காது குத்தினார்கள். கோயில் தலைவர், அண்ணனுக்குச் சித்தப்பா முறை, கூட்டத்தில் எழுந்து, "கரடிக்குப் பயந்து சாமியத் தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டார். "ஆமா, பயந்துதான் சித்தப்பா. அதுங்களுக்கு ஒண்ணு ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். வீட்டில் அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சாமி குற்றம் வந்து சேரும் என்று பிள்ளைகளை நினைத்துப் பயந்தார்கள். அவருக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? அந்த நாட்களில் அதிகாலையில் எதிர்வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். "ஐயா எங்க வச்சாலும் இருந்துக்குவாரு. அதுங்களுக்கு அந்த ஒரு காடுதான இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிடிமண் எடுத்தார். பழைய இடத்து மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி, புது இடத்தில் வைத்து, அதன்மேல் சாமியை நிறுத்துவது வழக்கம். அவருடைய தாத்தா கப்பலேறி வரும்போது ஊரிலிருந்து அப்படி ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்ததால்தான் இந்த ஐயாவே இங்கு வந்தாராம், சூலம் பிறகு அப்பா ஊன்றியது. அன்றைக்குப் படம் எடுக்க வேண்டாம் என்றார். சூலத்தைப் பிடுங்கும்போது அவர் தோள் குலுங்கியது. நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, தோட்டத்துப் பாதை தார்ச்சாலையில் வந்து ஏறும் இடத்தில், பழைய ஆபீஸ் இருந்த மேட்டில், ஐயா போய் உட்கார்ந்தார். படைத்ததை அங்கேயே எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, இலையைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று புதுச் சட்டம் போட்டார். கூட்டம் ஒரேயடியாகக் குறைந்தது. கரடி வராத கோயிலுக்கு யார் வருவார்கள்? கரடிக்காகச் சாமியைக் கிளப்பியவன் என்று மஸ்ஜித் தானா வரை பேசினார்கள். அண்ணன் பழைய வேட்டியையே கட்டிக்கொண்டு, வந்த நாலைந்து குடும்பங்களைப் பார்த்து, அதே குரலில் "தள்ளு, தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: அதுங்க என்ன ஆச்சு? கொஞ்ச காலம் பழைய மரத்தடியில் தடங்கள் இருந்தன. இலை இருந்த இடத்தைக் கிளறிப் பார்த்திருந்தன. அதைப் பார்த்து எனக்கே ஒரு போத்தல் தேன் வைத்துவிடலாமா என்று மனம் பதறியது. பிறகு தடங்கள் நின்றன. காட்டுக்குள் போனதா, கம்பியில் மாட்டியதா, யாருக்குத் தெரியும்? அதிகாரி ரோந்து போகும்போதெல்லாம் விசாரிப்பேன். ஒன்றும் கண்ணில் படவில்லை என்பார். நான் கல்யாணம், காதுகுத்து என்று என் பிழைப்பைப் பார்த்தேன். அண்ணனைக் கண்டால் வேறு பேச்சைத் தொடங்கிவிடுவேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அந்த அதிகாரியே தன்னோடு வரச் சொல்லி அழைத்தார். காட்டுக்குள் ஓடையை ஒட்டி நெடுந்தூரம் நடந்தோம். உளுத்து விழுந்து கிடந்த ஒரு மரத்தை யாரோ பிய்த்துப் போட்டிருந்தார்கள். வாசனை இன்னும் புதிதாக இருந்தது. அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். மரங்களின் இடைவெளியில் மூன்று கறுப்பு உருவங்கள். குட்டிகள் குட்டிகளாக இல்லை, இளவட்டங்களாகியிருந்தன. முன்பைவிட ஒல்லிதான், ஆனால் என்ன வேகம்! ஒன்று நகத்தால் மரப்பட்டையைப் பிளக்க, மற்றது நாக்கை நீட்டிக் கரையானை வழித்து வழித்து உள்ளே தள்ளியது. யாரும் கொடுக்காத சாப்பாடு. கேமராவைத் தூக்கினேன். கால் மாறி ஒரு சுள்ளி ஒடிந்தது. அவ்வளவுதான், மூன்றும் அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தன. ஒரே ஒரு படம்தான் கிடைத்தது.

இப்போது என் ஸ்டூடியோவில் பெரிதாக மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான். இலைகளும், நடுவே கலங்கிப்போன கறுப்புத் திட்டுகளும் தவிர அதில் ஒன்றும் தெரியாது. "என்ன அக்கா, ஷேக் ஆன படத்தப் போயி மாட்டியிருக்கீங்க, இவங்கள நம்பியா கல்யாணத்துக்குச் சொல்றது?" என்று கல்யாணப் பெண் ஒருத்தியின் தம்பி போன வாரம் என் காதுபடவே கேட்டான். குங்குமம் வைத்த படத்தைக் கேட்டு இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். பெட்டிக்குள் இருக்கிறது, யாருக்கும் கொடுப்பதில்லை. என் வேலையில் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு, பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் கேமராவைத் தொட்டதற்கு ஒரு பலன் உண்டு என்று என்னை நம்பவைத்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நான் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. எதிர்வீட்டு அண்ணனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

அன்றைக்குக் காட்டிலிருந்து இறங்கியதும் சேறு படிந்த காலோடு நேராக அவருடைய தொழிற்சாலை வாசலுக்குத்தான் போனேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர், பாதுகாப்புத் தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேமராவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்ன போட்டோக்காரி, ஒண்ணும் தெரியலையே. கறுப்பா என்னமோ போவுது."

"அதுங்கதாண்ணே. முதுகு. என்னப் பாத்ததும் ஓடிருச்சுங்க."

"நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலண்ணே. ஒரு சுள்ளி ஒடிஞ்சுச்சு."

"சாப்பாட்ட விட்டுட்டா?"

"அப்படியே போட்டுட்டு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தாண்ணே. தேன் போத்தலத் தூக்குனான் பாருங்க, அவன்தான் மொதல்ல ஓடுனான்."

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். அவ்வளவு பேர் வேலை விட்டு வந்துகொண்டிருந்த அந்த வாசலில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சிரித்தார்.

"ஓடட்டும்" என்றார். "நம்மளப் பாத்தா நல்லா ஓடட்டும்."